என்எஸ்2 என்பது என்எஸ்3 ஆனபோது: இணையச் சேவைச் செய்திகளில் பெயர்வெளி முன்னொட்டுகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் குழு பராமரித்துவரும் மென்பொருள், ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் அறிவிப்புச் செய்தியை எக்ஸ்எம்எல் வடிவில் (தரவின் ஒவ்வொரு பகுதியையும் பெயரிட்ட உறுப்புகளுக்குள் எழுதும் வடிவம்) தயாரித்து, சோப் என்னும் இணையச் சேவை நெறிமுறையின் உறையில் இட்டு, கையொப்பமிட்டு, கூட்டாளி நிறுவனம் ஒன்றின் சர்வருக்கு அனுப்புகிறது. நீண்ட காலமாக எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஆபத்தான சரக்குகளுக்கான புதிய ஸ்கீமா (செய்தியில் என்னென்ன உறுப்புகள் வரலாம் என்ற வரையறை) ஒன்றைச் சேர்த்து வெளியிட்டோம். புதிய ஸ்கீமா புதிய வகைச் சரக்குகளுக்கு மட்டுமே உரியது. பழைய செய்திகளைத் தயாரிக்கும் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆயினும் மறுநாள் காலை முதல் பழைய வகைச் செய்திகள் அனைத்தும், ‘சரக்கு எண் இல்லை’ என்ற காரணத்துடன் திரும்பி வரத் தொடங்கின.

சரக்கு எண் இருந்தது. லாக்கைத் திறந்து பார்த்தால் அது உள்ள இடத்திலேயே, சரியான மதிப்புடன், கண்ணுக்கு நேராக இருந்தது. முதல் நாள் ஏற்கப்பட்ட ஒரு செய்தியையும் அன்று நிராகரிக்கப்பட்ட ஒரு செய்தியையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் வேறுபாடு புலப்பட்டது. முதல் நாள் ‘என்எஸ்2:நம்பர்’ என்று இருந்த உறுப்பு, இன்று ‘என்எஸ்3:நம்பர்’ என்று இருந்தது. ‘என்எஸ்3’ என்று தொடங்கியவை எல்லாம் ‘என்எஸ்4’ ஆகியிருந்தன. செய்தியின் முதல் உறுப்பில், அந்தச் செய்தி எங்குமே பயன்படுத்தாத ஆபத்தான சரக்குப் பெயர்வெளி (ஒரு ஸ்கீமாவின் பெயர்கள் மற்றவற்றின் பெயர்களோடு கலக்காமல் பிரித்துவைக்கும் அடையாளம்), ‘என்எஸ்2’ என்ற முன்னொட்டுடன் புதிதாக அறிவிக்கப்பட்டிருந்தது. மற்றபடி இரண்டும் ஒன்றே.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எக்ஸ்எம்எல் பெயர்வெளிகளுக்காகத் தந்த பரிந்துரை 1999 ஜனவரி 14 அன்று வெளியானது. அதன்படி ஓர் உறுப்பின் முழுப்பெயர் என்பது இரண்டு பகுதிகளைக் கொண்டது: பெயர்வெளியின் யூஆர்ஐ (இணைய முகவரி போன்ற தனித்த அடையாளம்), உறுப்பின் உள்ளூர்ப் பெயர். யூஆர்ஐ நீளமானது என்பதாலும், எக்ஸ்எம்எல் பெயர்களில் இடம்பெறக் கூடாத எழுத்துகள் அதில் இருப்பதாலும், அதை ஒவ்வோர் உறுப்பின் முன்னும் எழுத இயலாது. அதற்குப் பதிலாக நிற்பதே முன்னொட்டு. நம் ஊர்ப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் தொடக்கத்தில் ஒவ்வொருவரின் பெயரையும் தகப்பனார் பெயரையும் விலாசத்தையும் எழுதி, அதன்பின் ‘நம்மில் 2-வது நபர்’ என்றே எழுதிச் செல்வார்கள். அந்த ‘2-வது நபர்’ யார் என்பது அந்தப் பத்திரத்துக்குள் மட்டுமே பொருள்படும். அடுத்த பத்திரத்தில் 2-வது நபர் வேறொருவர். முன்னொட்டும் அப்படியே. ‘என்எஸ்2’ என்றால் எது என்பதை அந்தச் செய்திக்குள் இருக்கும் அறிவிப்பைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். முந்தைய செய்தியின் நினைவில் தீர்மானிக்கக் கூடாது. ஆகவே தரத்தின் கண்ணில் எங்கள் இரண்டு செய்திகளுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. நாங்கள் அனுப்பியதில் பிழை இல்லை என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். சரக்குகள் துறைமுகத்தில் காத்திருந்தன என்பதால் அது முடியாது.

எண் ஏன் நகர்ந்தது என்பதற்கான விடை விரைவில் கிடைத்தது. ஜாவா பொருள்களை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் ஜாக்ஸ்பி லைப்ரரியின் மூல நடைமுறையாக்கம், தனக்குத் தெரிவிக்கப்பட்ட எல்லா வகுப்புகளின் பெயர்வெளிகளையும் திரட்டிக்கொண்டு, முன்னொட்டு எதுவும் குறிப்பிடப்படாதவற்றுக்கு ‘என்எஸ்’ என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணைச் சேர்த்து வழங்குகிறது. அந்தச் செய்திக்குத் தேவையோ இல்லையோ, தெரிந்த பெயர்வெளிகள் அனைத்தையும் முதல் உறுப்பிலேயே அறிவித்தும் விடுகிறது. எனவே எண், செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தது அன்று. நிரலில் எத்தனை பெயர்வெளிகள் பதிவாகியிருக்கின்றன, எந்த வரிசையில் அவை அடுக்கப்பட்டன என்பதைப் பொறுத்தது. அந்த வரிசைக்கு எந்த உத்தரவாதமும் எங்கும் தரப்படவில்லை. நாங்கள்தான் கேட்காத ஒன்றைக் கிடைத்ததாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

எதிர்த்தரப்பான அந்தக் கூட்டாளி நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் அன்று மதியம் தொலைபேசியில் மிகுந்த பொறுமையுடன் தங்கள் நிரலைப் படித்துக் காட்டினார். “சார், எங்க கோட்ல என்எஸ்2 கோலன் நம்பர்னு நேரடியாத்தான் தேடுது” என்றார். ஜாவாவில் எக்ஸ்எம்எல் ஆவணத்தைப் படிக்கும் டாக்குமென்ட் பில்டர் ஃபேக்டரி, பெயர்வெளிகளை அறியும் திறனை இயல்புநிலையில் அணைத்தே வைத்திருக்கிறது. ஒரு வரி எழுதி அதை இயக்கினால்தான் உண்டு. இயக்காவிட்டால் ‘என்எஸ்2:நம்பர்’ என்பது, நடுவில் ஒரு கோலன் உள்ள ஒற்றைப் பெயராகவே, ஆவணத்தைப் பிரித்துப் படிக்கும் பார்சருக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் எங்கள் மாதிரிச் செய்தி ஒன்றைப் பார்த்து, அதில் இருந்த பெயர்களை அப்படியே நிரலில் எழுதியிருக்கிறார். அது வேலை செய்தது, அதனால் யாரும் அதைத் தொடவில்லை. இப்படி எழுதப்பட்ட நிரல்களை நான் வேறு பல இடங்களிலும் கண்டிருக்கிறேன். இயல்புநிலையே அப்படி இருக்கும்போது ஒரு தனி மனிதரைக் குறைசொல்வது நியாயம் ஆகாது.

இதில் என்னை மிகவும் கலங்க வைத்தது நிராகரிப்பு அன்று. நிராகரிக்கப்படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான். எங்கள் சரக்குப் பெயர்வெளியிலும் பொது வகைகளுக்கான பெயர்வெளியிலும் ‘கோட்’ என்ற ஒரே உள்ளூர்ப் பெயருடைய உறுப்பு உண்டு. முன்னதில் அது சரக்கின் குறியீடு. பின்னதில் துறைமுகத்தின் குறியீடு. எதிர்த்தரப்பு நிரல் ‘என்எஸ்3:கோட்’ என்று தேடித் துறைமுகத்தை எடுத்துக்கொண்டிருந்தது. முன்னொட்டுகள் ஓர் இடம் நகர்ந்த பின், ‘என்எஸ்3:கோட்’ என்ற பெயரில் கிடைப்பது சரக்குக் குறியீடு. சரக்கு எண்ணைத் தேடும் வரி முதலில் வந்து தோற்றுப்போனதால்தான் செய்தி நின்றது. அந்த வரி இல்லையென்றால், தவறான மதிப்பு சரியான மதிப்பைப் போல உள்ளே சென்று அமர்ந்திருக்கும். எந்த லாக்கிலும் ஒரு சிறு எச்சரிக்கைகூட எழுந்திருக்காது.

எங்கள் சோதனைகள் ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற கேள்வியும் உடனே எழுந்தது. தயாரான செய்தியை ஒரு மாதிரிச் செய்தியோடு ஒப்பிடும் சோதனை எங்களிடம் இருந்தது. அதற்கு நாங்கள் பயன்படுத்திய எக்ஸ்எம்எல்யூனிட் கருவி, முன்னொட்டு மட்டும் வேறுபடும் இரு ஆவணங்களை ‘ஒத்தவை’ என்றே வகைப்படுத்தும். தரத்தின்படி அது சரியான முடிவும் ஆகும். நாங்களும் ஒத்திருந்தால் போதும் என்றே சோதனையை அமைத்திருந்தோம். பொருளை ஒப்பிட்ட சோதனை, எழுத்தை நம்பியிருந்த ஒரு வாசகரைப் பற்றி எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

எதிர்த்தரப்பால் தங்கள் நிரலை உடனே மாற்ற இயலாது. அவர்களின் அடுத்த வெளியீடு வரை காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. புதிய ஸ்கீமாவைத் திரும்பப் பெறுவதும் இயலவில்லை. வேறொரு தரப்பு அதை எதிர்பார்த்துக் காத்திருந்தது. நேர நெருக்கடியில் எங்களுக்கு முதலில் தோன்றியது, செய்தி வலையில் வெளியேறுவதற்குச் சற்று முன், அதை வெறும் எழுத்துச் சரமாக எடுத்து முன்னொட்டுகளை மாற்றி எழுதிவிடுவது. இணையச் சேவைகளுக்காக நாங்கள் பயன்படுத்தும் அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் லைப்ரரியில் வெளியேறும் பைட்டுகளை இடைமறிக்க வசதி உண்டு. ‘என்எஸ்2’ என்பதை ‘டிஜி’ (ஆபத்தான சரக்கு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும், பிறகு ‘என்எஸ்3’ என்பதை ‘என்எஸ்2’ என்றும், அதன்பின் ‘என்எஸ்4’ என்பதை ‘என்எஸ்3’ என்றும், இந்த வரிசையிலேயே, மாற்றும் சில வரிகளை எழுதினோம். வரிசை தவறினால் இரண்டு பெயர்வெளிகள் ஒரே முன்னொட்டில் மோதிக்கொள்ளும் என்பதை மட்டும் கவனத்தில் வைத்திருந்தோம்.

சோதனைச் சூழலில், கையொப்பம் இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது, பெரும்பாலான செய்திகள் சரியாக இருந்தன. கன்டெய்னர் சரக்குகள் மட்டும் தோற்றன. எங்கள் ஸ்கீமாவில் ‘கார்கோ’ என்பது நேரடியாகப் பயன்படுத்த முடியாத பொது வகை. செய்தியில் அது வரும் இடத்தில், உண்மையான வகை எது என்பதை ‘எக்ஸ்எஸ்ஐ:டைப்’ என்ற பண்பு (உறுப்பின் தொடக்கக் குறிக்குள் எழுதப்படும் பெயரும் மதிப்பும்) சொல்லும். அந்தப் பண்பின் மதிப்பு ‘என்எஸ்3:கன்டெய்னர்கார்கோ’. கவனிக்க வேண்டியது இதுதான்: இங்கே முன்னொட்டு, உறுப்பின் பெயரிலோ பண்பின் பெயரிலோ இல்லை, மேற்கோள் குறிகளுக்குள், மதிப்பாக இருக்கிறது. எங்கள் மாற்று நிரல் உறுப்புகளின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிப்புகளையும் மட்டுமே மாற்றியது. ஆகவே மதிப்பில் இருந்த ‘என்எஸ்3’ அப்படியே நின்றது. அந்த முன்னொட்டு இப்போது அறிவிக்கப்படாததாகக்கூட இல்லை. அது பொது வகைகளின் பெயர்வெளியைச் சுட்டிக்கொண்டிருந்தது, அங்கே கன்டெய்னர்கார்கோ என்று ஒரு வகையே கிடையாது. பார்சர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பண்பின் மதிப்பு அதற்கு வெறும் எழுத்து. ஸ்கீமாவை அறிந்த அடுத்த படியில்தான் பிழை வெடித்தது.

மதிப்புகளுக்குள்ளும் முன்னொட்டு வாழும் இந்த வழக்கம், டபிள்யூ3சியின் தொழில்நுட்பக் கட்டமைப்புக் குழு 2004-ஆம் ஆண்டிலேயே தனியாக ஆய்ந்து எழுதிய ஒரு பொருள். சோப் 1.1 செய்திகளில் பிழைக் குறியீடு ‘சோப்:சர்வர்’ என்று உறுப்பின் உள்ளடக்கமாகவே வருவதும் இதே வகை. ஆவணத்தில் உறுப்புகளைத் தேடுவதற்கான எக்ஸ்பாத் கோவைகள் செய்திக்குள் இடம்பெறும்போது அவற்றிலும் முன்னொட்டுகள் இருக்கும். எது முன்னொட்டு, எது கோலன் கலந்த சாதாரண எழுத்து என்று ஸ்கீமாவைப் பார்க்காமல் யாராலும் சொல்ல இயலாது. எழுத்துச் சரமாக மாற்றுவது என்ற வழி ஆழத்தில் உடைந்துபோவது இந்த இடத்தில்தான் என்று நான் கருதுகிறேன்.

இருந்தாலும் அன்று நாங்கள் அந்த ஒரு பண்பையும் மாற்றுப் பட்டியலில் சேர்த்துவிட்டு முன்னே சென்றோம். கையொப்பத்தை இயக்கியதும் ஒவ்வொரு செய்தியும் தோற்றது.

கையொப்பம் முன்னொட்டைக் காண்கிறது

இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எக்ஸ்எம்எல் கையொப்பத்தில், கையொப்பமிடப்படும் பகுதி முதலில் நியம வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. பண்புகளின் வரிசை, வெற்றிடங்கள், மேற்கோள் குறிகள் முதலியவை ஒரே முறையில் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. அதன்பின் கிடைக்கும் பைட்டுகளுக்கு ஷா-256 டைஜெஸ்ட், அதாவது ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சுருக்க மதிப்பு, கணக்கிடப்படுகிறது. இந்த ஒழுங்குபடுத்தலில் முன்னொட்டுகள் தொடப்படுவதில்லை. 2001 மார்ச் 15 அன்று பரிந்துரையான நியம எக்ஸ்எம்எல் 1.0, முன்னொட்டுகளை மாற்றி எழுதுவதில்லை என்பதற்கு ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கியிருக்கிறது. காரணம் மேலே சொன்னதுதான்: மதிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் முன்னொட்டுகளைப் பொதுவான ஒரு கருவியால் அடையாளம் காண இயலாது, உறுப்புகளில் மட்டும் மாற்றினால் ஆவணத்தின் பொருள் சிதையும். 2002 ஜூலை 18 அன்று வந்த விலக்கு நியமமாக்கலும் இதையே பின்பற்றுகிறது. 2013-இல் குழுக் குறிப்பாக வெளியான நியம எக்ஸ்எம்எல் 2.0 முன்னொட்டுகளை மாற்றி எழுதும் ஒரு தேர்வைத் தருகிறது. ஆனால் எங்களுக்கும் எதிர்த்தரப்புக்கும் இடையிலான உடன்பாட்டில் இருந்தது விலக்கு நியமமாக்கல்.

எனவே தரத்தின்படி ஒன்றேயான இரு செய்திகள், கையொப்பத்தின்படி இரு வேறு செய்திகள். எங்கள் கையொப்பம், ‘என்எஸ்3’ என்று எழுதப்பட்ட உடல்பகுதிக்கு இடப்பட்டது. வலையில் சென்றதோ ‘என்எஸ்2’ என்று திருத்தப்பட்ட உடல்பகுதி. எதிர்த்தரப்பின் கையொப்பச் சரிபார்ப்பு அடுக்கு பெயர்வெளிகளை முறையாக அறிந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்து, டைஜெஸ்ட் பொருந்தவில்லை என்று கதவை மூடியது. ஒரே சர்வருக்குள், வாசலில் பெயர்வெளிகளை அறிந்த ஒரு காவலரும், உள்ளே முன்னொட்டை மட்டும் அறிந்த ஓர் எழுத்தரும் இருந்தார்கள். எங்கள் செய்தி இருவரையும் நிறைவு செய்ய வேண்டியிருந்தது.

இத்தகைய பிழையைத் தேடுபவர்களுக்குப் பயன்படும் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஜாவாவின் எக்ஸ்எம்எல் கையொப்ப ஏபிஐயில் (நிரல்கள் அழைக்கும் இடைமுகம்), கையொப்பம் சுட்டும் பகுதிகளை, அதாவது ரெஃபரன்ஸ்களை, தற்காலிகமாகச் சேமித்துவைக்கச் சொல்லும் ஒரு பண்பு உண்டு. அதை இயக்கினால், டைஜெஸ்ட் கணக்கிடப்பட்ட அதே பைட்டுகளை அப்படியே எடுத்துக் கோப்பில் எழுதிப் பார்க்கலாம். அனுப்பும் பக்கத்தில் ஒன்று, பெறும் பக்கத்தில் ஒன்று என இரு கோப்புகளையும் ஒப்பிட்டபோது, எந்த எழுத்தில் இரண்டும் பிரிகின்றன என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. அதுவரை மூன்று பேர் இரண்டு மணி நேரமாக சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று தேடிக்கொண்டிருந்தோம்.

எழுதும் இடத்திலேயே தீர்மானித்தல்

இவ்வளவுக்குப் பிறகு ஒன்று தெளிவாயிற்று. முன்னொட்டைத் தீர்மானிப்பதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. பொருள்கள் முதன்முறையாக எக்ஸ்எம்எல்லாக எழுதப்படும் இடம். அங்கே தீர்மானித்தால், மதிப்புகளுக்குள் வரும் முன்னொட்டுகளையும் லைப்ரரியே சரியாக எழுதும், ஏனெனில் எது முன்னொட்டு என்பது அதற்குத் தெரியும். கையொப்பமும் அதற்குப் பின்பே நிகழும். அந்த இடத்தைக் கடந்தபின் செய்யும் எந்தத் திருத்தமும் ஏதோ ஒன்றை உடைக்கும்.

அந்த இடத்தில் மூன்று வழிகள் இருந்தன. தொகுப்புக்கான குறிப்புக் கோப்பில், எக்ஸ்எம்எல் ஸ்கீமா என்னும் குறிப்புரையோடு பெயர்வெளிக்கும் முன்னொட்டுக்கும் இணை சேர்த்து எழுதுவது முதல் வழி. இது பார்க்க எளிமையானது; மூல நடைமுறையாக்கத்தின் பிற்காலப் பதிப்புகள் இதை ஒரு குறிப்பாக மதித்து நடக்கின்றன. ஆனால் அந்தக் குறிப்புரையின் அந்தப் பகுதி ஸ்கீமாவை உருவாக்குவதற்கென்று வரையறுக்கப்பட்டதே தவிர, செய்தியை எழுதுவதற்கான கட்டளை அன்று. எங்கள் நிலையில் வேறொரு தடையும் இருந்தது: வகுப்புகள் எல்லாம் ஸ்கீமாவிலிருந்து கருவியால் உருவாக்கப்படுபவை, கையால் எழுதிச் சேர்த்தது அடுத்த பில்டில் அழிந்துவிடும். அதற்கெனச் செருகிகள் உண்டு என்றாலும், அதே வகுப்புகளைப் பயன்படுத்தும் மற்றக் குழுக்களின் செய்திகளையும் அது மாற்றிவிடும் என்பதால் தவிர்த்தோம்.

நேம்ஸ்பேஸ் ப்ரிஃபிக்ஸ் மேப்பர் என்ற வகுப்பை விரித்து எழுதி, பொருள்களை எக்ஸ்எம்எல்லாக எழுதும் மார்ஷலரிடம் ஒப்படைப்பது இரண்டாவது வழி. கேட்கப்படும் யூஆர்ஐக்கு எந்த முன்னொட்டு வேண்டும் என்று இது பதில் சொல்லும். இதன் குறை, அது தரத்தில் இல்லாத, நடைமுறையாக்கத்துக்கே உரிய வகுப்பு என்பது. ஜாவா 6 முதல் ஜாக்ஸ்பி ஜாவாவுடனேயே சேர்ந்து வந்த காலத்தில், உள்ளே இருந்த பிரதிக்கு ஒரு தொகுப்புப் பெயரும், தனியாகத் தரவிறக்கிய பிரதிக்கு வேறொரு தொகுப்புப் பெயரும் இருந்தன. 2018-இல் ஜாவா 11 வந்தபோது ஜாக்ஸ்பி ஜாவாவிலிருந்தே நீக்கப்பட்டது. ஜாக்ஸ்பி, ஜகார்த்தா என்ற திறமூலத் திட்டத்துக்கு மாறிய பின் பெயர் மறுபடியும் மாறியது. இந்த வகுப்பை நேரடியாக நம்பிய நிரல்கள் ஒவ்வொரு மேம்படுத்தலிலும் முறிந்ததைப் பலர் அனுபவித்திருப்பார்கள்.

மூன்றாவது வழியையே தேர்ந்தோம். சிஎக்ஸ்எஃப்பின் ஜாக்ஸ்பி தரவுப் பிணைப்பில், யூஆர்ஐக்கும் முன்னொட்டுக்குமான அட்டவணை ஒன்றை அமைப்புக் கோப்பில் தரலாம். உள்ளே எந்த நடைமுறையாக்கம் இருக்கிறதோ அதற்கேற்ற மேப்பரை அதுவே அமைத்துக்கொள்ளும். சரக்குப் பெயர்வெளிக்கு ‘என்எஸ்2’, பொது வகைகளுக்கு ‘என்எஸ்3’, ஆபத்தான சரக்குக்கு ‘டிஜி’ என்று மூன்று வரிகள். ‘என்எஸ்2’ என்பது எந்தப் பொருளும் தராத பெயர்தான். ஆனால் எதிர்த்தரப்பு நிரலில் எழுதப்பட்டிருப்பது அதுவே என்னும்போது அழகான பெயரைத் தேடுவது நம் வேலை அன்று. ஒன்றில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. அட்டவணையில் விடுபட்ட பெயர்வெளி ஏதாவது இருந்தால், லைப்ரரி அதற்குத் தானே எண்ணிடும். நாம் கொடுத்த ‘என்எஸ்2’ உடன் அது மோதினால் யாருக்கு எந்தப் பெயர் என்பதை நம்பியிருக்க முடியாது. எனவே தெரிந்த எல்லாப் பெயர்வெளிகளையும் விடாமல் எழுதினோம்.

உறைக்கான முன்னொட்டு வேறு கணக்கு. சோப் 1.1 குறிப்பின் எடுத்துக்காட்டுகள் ‘சோப்-இஎன்வி’ என்று எழுதின. சோப் செய்திகளைத் தயாரிக்கும் கருவிகளில் சிஎக்ஸ்எஃப் ‘சோப்’ என்றும், மெட்ரோ பெரிய ‘எஸ்’ என்றும், டபிள்யூசிஎஃப் சிறிய ‘எஸ்’ என்றும், சோப்யூஐ ‘சோப்இஎன்வி’ என்றும் எழுதுகின்றன. சோப்யூஐயில் செய்து பார்த்த மாதிரியை வைத்து எழுதப்பட்ட பெறுநர் நிரல்கள் ‘சோப்இஎன்வி’ என்று கேட்பது இதனால்தான். சிஎக்ஸ்எஃப்பில் உறைக்கான பெயர்வெளி அட்டவணையைத் தனிப் பண்பாகத் தர வேண்டும். ஜாக்ஸ்பியின் அட்டவணை உறையைத் தொடாது. இந்த நிகழ்வில் அதற்குத் தேவை எழவில்லை.

எங்கள் குழுவில் ஒருவர், முன்னொட்டே வேண்டாம், எல்லாவற்றையும் இயல்புப் பெயர்வெளியாக (முன்னொட்டில்லாத உறுப்புகள் தாமாகவே சேரும் பெயர்வெளி) எழுதிவிடலாம் என்றார். மற்றவர்களுக்குக் கவர்ச்சியாகத் தோன்றிய யோசனை. ஆனால் பொது வகைகளுக்கான எங்கள் ஸ்கீமா, உள் உறுப்புகள் எந்தப் பெயர்வெளியையும் சேராதவை என்ற அமைப்பில் எழுதப்பட்டிருந்தது. வெளியே இயல்புப் பெயர்வெளியை அறிவித்துவிட்டால், முன்னொட்டில்லாத அந்த உள் உறுப்புகள் எல்லாம் அதற்குள் இழுக்கப்பட்டுவிடும். ஒவ்வொன்றிலும் வெற்று அறிவிப்பு ஒன்றை இட்டு அதை நீக்க வேண்டியிருக்கும். பண்புகளோ, முன்னொட்டில்லாவிட்டால் இயல்புப் பெயர்வெளியைச் சேர்வதே இல்லை. எதிர்த்தரப்பு நிரல் கோலனோடு தேடிக்கொண்டிருக்கும்போது முன்னொட்டையே எடுத்துவிடுவது எந்த வகையிலும் உதவாது என்பது இறுதியில் எல்லோருக்கும் புரிந்தது.

அட்டவணை இடப்பட்டதும் பழைய செய்திகள் பழைய முகத்துடன், கையொப்பம் பொருந்தி, ஏற்கப்பட்டன.

பின்னர் கண்டவை

நிகழ்வு முடிந்ததாக எண்ணியிருந்தபோது இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. இரண்டும் எங்கள் பக்கத்தவை. முதலாவது, எங்கள் லாக்கை எழுதும் நிரல். தொடர்பு எண்களை மறைத்து எழுத வேண்டும் என்பதற்காக, அது ‘என்எஸ்3:ஃபோன்’ என்ற எழுத்தைத் தேடி அதன் உள்ளடக்கத்தை நட்சத்திரக் குறிகளாக்கிக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு செய்த அதே தவறு. முன்னொட்டு ‘என்எஸ்4’ ஆகியிருந்த அந்த வார இறுதி முழுதும், மக்களின் தொலைபேசி எண்கள் மறைக்கப்படாமல் எங்கள் லாக்கில் எழுதப்பட்டிருந்தன. அந்தக் கோப்புகளை அடையாளம் கண்டு அழித்து, தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவித்தோம். செய்திகள் திரும்பி வந்ததைவிட இதை நான் கனமான பிழையாகக் கருதுகிறேன். அது சத்தமின்றி நிகழ்ந்தது. மறைக்கும் நிரல் இப்போது ஆவணத்தைப் பெயர்வெளி அறிந்த பார்சரால் படித்து, யூஆர்ஐயையும் உள்ளூர்ப் பெயரையும் கொண்டே தேடுகிறது.

இரண்டாவது, கையொப்பத்தில் இருந்த ஓர் இடைவெளி. ஆபத்தான சரக்குச் செய்திகளில், ‘டிஜி’ பெயர்வெளியைச் சேர்ந்த வகை ஒன்று ‘எக்ஸ்எஸ்ஐ:டைப்’ பண்பின் மதிப்பாக மட்டுமே வருகிறது. அந்த உறுப்பின் பெயர் சரக்குப் பெயர்வெளியைச் சேர்ந்தது. விலக்கு நியமமாக்கல், உறுப்புகளின் பெயரிலும் பண்புகளின் பெயரிலும் கண்ணுக்குத் தெரியப் பயன்படும் முன்னொட்டுகளின் அறிவிப்புகளை மட்டுமே நியம வடிவத்தில் சேர்க்கும். மதிப்பில் வரும் ‘டிஜி’ அதன் கணக்கில் பயன்பாடே அன்று. ஆகவே ‘டிஜி’ எந்த யூஆர்ஐயைக் குறிக்கிறது என்ற அறிவிப்பு, அந்த உறுப்பின் அளவில், டைஜெஸ்டுக்கு வெளியே நின்றது. இடையில் ஒருவர் அந்த அறிவிப்பை மாற்றி வகையின் பொருளையே திருப்பினாலும் கையொப்பம் பொருந்தும் நிலை இது. இதற்கான தீர்வை விலக்கு நியமமாக்கல் பரிந்துரையே தந்திருக்கிறது: சேர்க்க வேண்டிய முன்னொட்டுகளின் பட்டியல் ஒன்றைக் கையொப்பத்துடன் கொடுக்கலாம், அந்த முன்னொட்டுகளின் அறிவிப்புகள், கண்ணுக்குத் தெரியப் பயன்பட்டாலும் இல்லாவிட்டாலும், நியம வடிவத்தில் இடம்பெறும். ஜாவாவின் கையொப்ப ஏபிஐ இந்தப் பட்டியலை ஏற்கிறது. ‘டிஜி’ என்ற பெயரை அதில் சேர்த்தோம்.

இந்தப் பட்டியலில் எழுதப்படுவது யூஆர்ஐ அன்று, முன்னொட்டு. பொருளற்றது என்று தரம் சொல்லும் அந்தச் சிறு பெயர், இங்கே பாதுகாப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அது நாளை வேறு எண்ணாக மாறினால் பட்டியல் யாரையும் சுட்டாத வெறும் பெயராகிவிடும். அறிவிப்பு மீண்டும் டைஜெஸ்டுக்கு வெளியே போய்விடும். எந்தப் பிழையும் எழாது.

ஆகவே சோதனைகளை இரண்டாகப் பிரித்தோம். அனுப்பும் பக்கச் சோதனை, தயாரான செய்தியைப் படித்து, ஒவ்வொரு முன்னொட்டும் அட்டவணையில் உள்ள யூஆர்ஐயையே சுட்டுகிறதா, அட்டவணையில் இல்லாத முன்னொட்டு ஏதேனும் தோன்றியிருக்கிறதா, கையொப்பப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. பெறும் பக்கச் சோதனை இதற்கு நேர்மாறானது: எங்களுக்கு வரும் மாதிரிச் செய்திகளின் முன்னொட்டுகளை, மதிப்புகளுக்குள் வருபவை உட்பட, ஒவ்வொரு முறையும் வேறு வேறாகப் பெயர்மாற்றித் தயாரித்து எங்கள் சேவைக்குக் கொடுத்து, விடை மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறது.

எதிர்த்தரப்பு தங்கள் அடுத்த வெளியீட்டில் பார்சரின் பெயர்வெளித் திறனை இயக்கி, தேடல்கள் அனைத்தையும் யூஆர்ஐ வழியே செய்யும்படி மாற்றி எழுதியது. அதே பொறியாளர் அழைத்துச் சொன்னார். இனி எந்த முன்னொட்டில் அனுப்பினாலும் தங்களுக்குச் சம்மதம் என்றார். நன்றி சொன்னோம். எங்கள் அட்டவணையின் மூன்று வரிகளை அப்படியே வைத்துக்கொண்டோம்; கையொப்பப் பட்டியல் அதில் ஒன்றின்மேல் நிற்கிறது.